முன்பின் தெரியாத 5 பேர். ஒரே இருட்டுக் குகை! ஒருவர் அவசரப்பட்டால் அத்தனை பேரும் காலி!

துணைக்கு ஆள் தேடி அலைந்த காலம் போய், ஆளே வேண்டாம் என்ற காலம் வந்த கதை

ஒருவர் ஆபீஸ் குமாஸ்தா. ஒருவர் கல்லூரி மாணவர். ஒருவர் கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்த தாய். ஒருவர் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளி. இன்னொருவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்.

5 பேரும் 5 ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இல்லை. நிஜப் பெயரும் தெரியாது. ஆனால் அடுத்த 1 மணி நேரத்துக்கு ஒருவர் உயிர் இன்னொருவர் கையில்!

கும்மிருட்டில் 5 பேரும் குகைக்குள் நுழைகிறார்கள். உள்ளே கொள்ளைக்காரர்கள், பூதங்கள், மந்திரவாதிகள். கடைசி அறையில் குகைத் தலைவன். அவனை வீழ்த்தினால் புதையல். தவறினால் 5 பேரும் பிணம்!

இது மாயாஜாலப் படம் அல்ல. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லட்சக்கணக்கான பேர் தினமும் ஆடும் ஆட்டம்!

ஆட்டத்தின் பெயர் "வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்". கத்தி வீசுவதும் மந்திரம் போடுவதும் பழகினால் வந்துவிடும். முன்பின் தெரியாத 4 பேரை நம்புவதுதான் பெரிய வித்தை. அந்த நம்பிக்கைக்கு 20 ஆண்டுகளில் என்ன கதி ஏற்பட்டது என்பதுதான் விஷயம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1 கோடியே 20 லட்சம் பேர்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இர்வின் நகரில் உள்ள பிளிஸ்சார்டு கம்பெனி, 2004-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி இந்த விளையாட்டை வெளியிட்டது. அதற்குள் ஒரு முழு உலகமே இருக்கிறது. நாடு, நகரம், காடு, கடல், கடைத்தெரு, தபால் பெட்டி, பாங்கி எல்லாம் உண்டு. ஆடுகிறவர் ஒரு வேடம் எடுத்துக்கொண்டு அந்த உலகத்தில் நடமாட வேண்டும்.

ஓசி ஆட்டம் கிடையாது. அமெரிக்காவில் மாதக் கட்டணம் சுமார் 15 டாலர். அப்படி இருந்தும் 2010-ம் ஆண்டு அக்டோபரில் சந்தாதாரர்கள் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது!

இந்த உலகத்தில் தனியாகச் சுற்றலாம். நரி வேட்டை ஆடலாம். மீன் பிடிக்கலாம். ஆனால் "டஞ்சன்" எனப்படும் பாதாளக் குகைக்குள் மட்டும் தனி ஆளாகப் போனால் திரும்ப முடியாது. 5 பேர் கோஷ்டி சேர்ந்தே போக வேண்டும்.

குழாயடிச் சண்டை தீர்ந்தது

1999-ம் ஆண்டு வந்த "எவர்குவெஸ்ட்" என்ற விளையாட்டிலும் இப்படி குகைகள் உண்டு. ஆனால் ஊருக்கே ஒரு குகைதான். ஒரு கோஷ்டி உள்ளே இருந்தால் அடுத்த கோஷ்டி காத்துக் கிடக்க வேண்டும். "நாங்கதான் முதல்ல வந்தோம்" என்று குழாயடிச் சண்டை நடக்கும். செத்துப்போன குகைத் தலைவன் மறுபடி எழுந்து வரும்வரை மணிக்கணக்கில் காவல் கிடந்தவர்களும் உண்டு.

வார்கிராப்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு கோஷ்டி வாசலைத் தாண்டியதுமே அவர்களுக்கு என்று தனியாக ஒரு குகையை கம்ப்யூட்டர் உண்டாக்கிவிடும். ஒரே நேரத்தில் 100 கோஷ்டி போனால் 100 குகை. யாரும் யாரையும் முட்ட மாட்டார்கள்.

கூலி பாக்கி வைத்த பிரபுக்கள்

புதிதாக ஆட வந்தவர்களில் மனிதர் படையில் சேர்ந்த பலருக்கு முதல் பெரிய குகை "டெட்மைன்ஸ்" என்ற பாழடைந்த சுரங்கம்தான். அதன் கதையைக் கேட்டால் கொத்தனார், சித்தாள் எல்லாருக்கும் கோபம் வரும்.

போரில் அழிந்த தலைநகரத்தை கல் தச்சர்கள் சேர்ந்து மறுபடி கட்டி எழுப்பினார்கள். அவர்கள் தலைவன் எட்வின் வான்கிளீப். அரண்மனை, கோவில், மதில் எல்லாம் தயார். கூலி கேட்கப் போனார்கள். "கூலி இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள் பிரபுக்கள்!

கலவரம் வெடித்தது. உழைத்தவர்கள் முகத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கொள்ளைக்காரர்கள் ஆனார்கள். பாழடைந்த சுரங்கத்துக்குள் பதுங்கி, பெரிய போர்க்கப்பல் ஒன்றை ரகசியமாகக் கட்டத் தொடங்கினார்கள்.

ஆடுகிறவர்கள் 5 பேராகச் சுரங்கத்தில் இறங்கி, வெடிமருந்து எடுத்து, பீரங்கியால் இரும்புக் கதவைத் தகர்த்து, கப்பல் ஏறி, வான்கிளீப்பின் தலையைக் கொண்டுவர வேண்டும். கூலி கேட்டவன் தலைதான் பரிசுப் பொருள்!

2010-ம் ஆண்டு இந்தக் குகையை மாற்றிக் கட்டினார்கள். அப்பன் தலை போவதை மறைந்திருந்து பார்த்த மகள் வனெசா வளர்ந்து ஆளாகி, பழிவாங்கக் காத்திருக்கிறாள் என்று கதை தொடர்ந்தது.

3 வேலை, 5 ஆள்

குகைக்குள் போகும் 5 பேருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டு இருக்கிறது.

ஒருவர் "டாங்கி". இரும்புக் கவசம் போட்டு முன்னால் நிற்பவர். எல்லா அடியையும் தன் மேல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருவர் "ஹீலர்". அதாவது வைத்தியர். அடி வாங்குகிறவர் சாகாமல் பின்னால் நின்று மந்திரத்தால் காயத்தை ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்ற 3 பேரும் அடி ஆட்கள். கத்தி, வில், நெருப்பு என்று ஆளுக்கு ஒரு விதத்தில் எதிரியைப் போட்டுத் தாக்குவது அவர்கள் வேலை.

இதில் யாரையாவது அடித்தால் போதும் என்று நினைத்தால் ஆபத்து. எதிரிக்கு யார் மேல் எவ்வளவு கோபம் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறது. அதிகக் கோபம் யார் மேலோ, அவரைத்தான் எதிரி தாக்கும். அந்தக் கோபத்தை முதலில் சம்பாதிக்க வேண்டியவர் டாங்கி.

டாங்கி மேல் உள்ள கோபத்தைவிட, பக்கத்தில் நின்று அடிப்பவர் மேல் 10 சதவீதம் கூடிவிட்டால், பூதம் அவர் பக்கம் திரும்பிவிடும். தூரத்தில் நின்று அடிப்பவர் என்றால் 30 சதவீதம் வரை தாங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஒரே அறை. ஆள் காலி! வைத்தியம் பார்த்தாலும் எதிரிக்குக் கோபம் ஏறும். "நான் யாரையும் அடிக்கவில்லையே" என்று வைத்தியர் தப்பிக்க முடியாது.

இதனால்தான் அனுபவசாலிகள் "கொஞ்சம் பொறுங்க. டாங்கி முதல்ல ரெண்டு அடி போடட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

"ஆட்டை அடிக்காதே!"

5 பேரை 4 எதிரிகள் ஒன்றாகத் தாக்க வந்தால் சமாளிப்பது கஷ்டம். அதற்கும் வழி இருக்கிறது. கோஷ்டியில் மந்திரவாதி இருந்தால் ஒரு எதிரியை செம்மறி ஆடாக மாற்றிவிடுவார். அது சுமார் 1 நிமிஷம் மே... என்று சுற்றிச் சுற்றி வரும். அதற்குள் மற்ற எதிரிகளை முடித்துவிடலாம்.

ஒரு நிபந்தனை. ஆடு மீது ஒரு சின்ன அடி பட்டாலும் மறுபடி பழைய கொலைகாரனாக எழுந்துவிடும். அதுவும் ஆடாக இருக்கும்போது காயம் எல்லாம் ஆறி, புத்தம் புதிதாக எழுந்து வரும்!

இது தெரிந்தும் யாராவது ஒருவர் கை துறுதுறுத்து ஆட்டின் மேல் நெருப்பைக் கொட்டுவார். "டேய், ஆட்டை அடிக்காதேன்னு சொன்னேனே!" என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உலகத்தில் எந்த மொழி பேசுகிற கோஷ்டியிலும் இந்தச் சண்டை ஒருமுறையாவது வந்திருக்கும்.

5 பேரும் செத்தால் ஆட்டம் முடிந்துவிடாது. ஆவிகளாகச் சுடுகாட்டில் இருந்து குகை வரை ஓடிவந்து உயிர் பெற வேண்டும். உடைந்த கவசத்தைப் பழுது பார்க்க காசு அழ வேண்டும். காசைவிடப் பெரிய நஷ்டம் நேரம். 1 மணி நேர வேலை 3 மணி நேரம் இழுக்கும். "வீட்ல கூப்பிடறாங்க" என்று ஒருவர் கழன்றுகொண்டால் மற்ற 4 பேரும் நடுக்குகையில் திண்டாட வேண்டியதுதான்.

ஒரே ஓட்டத்தில் உலகப் புகழ்!

2005-ம் ஆண்டு மே மாதம் ஒரு வீடியோ வெளியானது. ஒரு கோஷ்டி, முட்டைகள் நிறைந்த அறை முன்னால் நின்று ஆலோசனை நடத்துகிறது. யார் எங்கே நிற்பது, பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று தசம புள்ளி வரை கணக்குப் போடுகிறார்கள்.

லீராய் ஜென்கின்ஸ் என்ற வீரர் மட்டும் எழுந்து சாப்பாடு எடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்தார். எதையும் காதில் வாங்கவில்லை. தன் பெயரையே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்! பின்னாலேயே மற்றவர்களும் அலறி அடித்து ஓடினார்கள். முட்டைகள் உடைந்தன. குட்டிகள் சூழ்ந்துகொண்டன. மொத்தக் கோஷ்டியும் பிணம்!

கோடிக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்த அந்தக் காட்சி, திட்டமிட்டு நடித்தது என்பது 2017-ம் ஆண்டு உறுதியானது. நடிப்பாக இருந்தாலும் குகைக்குப் போன ஒவ்வொருவரும் "எங்க கோஷ்டியிலயும் ஒரு லீராய் இருந்தான்" என்றுதான் சொல்வார்கள்.

பங்கு பிரிப்பதில் தகராறு

குகைத் தலைவன் விழுந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அப்போதுதான் பெரிய பிரச்சினை ஆரம்பம்!

ஒரு நல்ல கத்தி கிடைக்கிறது. 5 பேர் இருக்கிறார்கள். யாருக்கு?

இதற்கு 2 பொத்தான்கள் உண்டு. ஒன்று "தேவை". இன்னொன்று "ஆசை". கத்தியைப் பிடித்துச் சண்டை போடுகிறவர் "தேவை" அழுத்தலாம். விற்றுக் காசாக்க நினைப்பவர் "ஆசை" அழுத்த வேண்டும். கம்ப்யூட்டர் 1 முதல் 100 வரை சீட்டுக் குலுக்கும். தேவைக்காரர்களுக்கே முதல் உரிமை. அவர்களில் பெரிய எண் விழுந்தவருக்குப் பொருள்.

ஆனால் பழைய நாட்களில் யார் எதை அழுத்துகிறார் என்பது அவரவர் மனசாட்சி! கத்தியே பிடிக்காத மந்திரவாதி "தேவை" அழுத்தி, கத்தியை வாங்கிக்கொண்டு, கம்பி நீட்டிவிடுவார். இப்படிப்பட்டவருக்கு "நிஞ்ஜா" என்று பட்டப்பெயர்.

பெரிய கோஷ்டிகளில் இதற்காகவே நோட்டுப் போட்டு கணக்கு எழுதினார்கள். எவர்குவெஸ்ட் காலத்தில் தோன்றிய முறை இது. ஒவ்வொரு ராத்திரியும் தவறாமல் வந்து உழைத்தவருக்குப் புள்ளிகள். பொருள் வேண்டும் என்றால் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து எடுக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலைக்கு வருகைப் பதிவேடு!

40 பேர் படை

5 பேர் குகை சின்ன விஷயம். தொடக்க காலத்தில் "மோல்டன் கோர்" என்ற எரிமலைக் குகைக்கு 40 பேர் சேர்ந்து போவார்கள். இதற்கு "ரெய்டு" என்று பெயர்.

40 பேரை ஒரே நேரத்தில் சேர்ப்பது கல்யாணத்துக்கு ஆள் திரட்டுவது மாதிரி. அதற்காகச் சங்கங்கள் ஏற்பட்டன. தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் எல்லாம் உண்டு. புதன்கிழமை ராத்திரி 8 மணி என்றால் 8 மணிக்கு ஆஜராக வேண்டும். வராதவர்மீது நடவடிக்கை. இந்தப் பாட்டைப் பார்த்து 2007-ம் ஆண்டு வந்த புதிய பாகத்தில் 40 பேரை 25 பேராகவும், சில இடங்களில் 10 பேராகவும் குறைத்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு சர்வரில் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி. யார் நல்ல டாங்கி, யார் நிஞ்ஜா என்று ஊருக்கே தெரியும். ஒரு கோஷ்டிக்குள் நடப்பது ஊர் முழுக்கப் பாதிக்கும். அதை எல்லாரும் கண்ணால் பார்த்த சம்பவம் ஒன்று நடந்தது.

குகையில் இருந்து கிளம்பிய கொள்ளை நோய்!

2005-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி 20 பேர் போகும் புதிய குகை ஒன்று திறக்கப்பட்டது. அதன் தலைவன் ஹக்கார் என்ற ரத்தக் கடவுள். அவன் ஏவும் ரத்த நோய் பக்கத்தில் நிற்பவருக்கு உடனே தொற்றும். குகைக்குள்ளேயே நிற்க வேண்டிய நோய் அது.

ஆனால் வேட்டைக்காரர்கள் வளர்த்த மிருகங்களை யாரும் யோசிக்கவில்லை. நோய் தொற்றிய மிருகத்தை குகைக்குள் மறைத்து வைத்து, ஊருக்குத் திரும்பியதும் மறுபடி கூப்பிட்டார்கள். நோயும் கூடவே வந்துவிட்டது!

சந்தைக் கூட்டத்தில் நோய் பரவியது. புதிதாக ஆட வந்தவர்கள் பொத் பொத்தென்று விழுந்தார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடுகள். கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கும் தொற்றியது. அவர்கள் சாகவில்லை, வந்தவர்களுக்கு எல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

வைத்தியர்கள் பலர் தாங்களாகவே முன்வந்து வைத்தியம் பார்த்தார்கள். சிலர் காட்டுக்கு ஓடினார்கள். சிலர் வேண்டும் என்றே நோயைப் பரப்பி வேடிக்கை பார்த்தார்கள். கம்பெனி தனிமைப்படுத்திப் பார்த்தது. பலிக்கவில்லை. கடைசியில் சர்வர்களையே நிறுத்தி, புதிதாகத் தொடங்கித்தான் நோயை ஒழித்தார்கள்.

இந்தக் கூத்து டாக்டர்கள் கண்ணிலும் பட்டது. நிஜத்தில் கொள்ளை நோய் வந்தால் ஜனங்கள் எப்படி நடப்பார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம் என்று 2007-ம் ஆண்டு லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் பத்திரிகையில் எரிக் லோப்கிரன், நினா பெபர்மன் ஆகியோர் கட்டுரை எழுதினார்கள். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது மீண்டும் எல்லாரும் இதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆள் பிடிக்கும் படலம்

அந்த ஊர்த் தெருக்களில் இன்னொரு காட்சியும் தினமும் நடக்கும். அது ஆள் பிடிக்கும் படலம்.

"டெட்மைன்ஸ் போறோம். ஒரு வைத்தியர் வேணும்!" என்று கூவிக்கொண்டே இருக்க வேண்டும். வைத்தியர் கிடைப்பதற்குள் டாங்கி கிளம்பிவிடுவார். டாங்கியைப் பிடிப்பதற்குள் வைத்தியர் தூங்கப் போய்விடுவார். 5 பேரும் சேர்ந்த பிறகு குகை வாசல் வரை நடக்க வேண்டும். குகைக்குள் 1 மணி நேரம் என்றால், அதற்குள் போய்ச் சேர்வதற்கே 1 மணி நேரம் ஆனது உண்டு.

தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லையில் ஒரு லாபம் இருந்தது. நடக்கும்போது பேச்சு வரும். "எந்த ஊரு? என்ன வேலை?" என்று விசாரிப்பார்கள். நல்ல வைத்தியர் கிடைத்துவிட்டால் விட மாட்டார்கள். "நாளைக்கும் வர்றீங்களா?" என்று கேட்டுப் பெயரை எழுதி வைத்துக்கொள்வார்கள். ஏமாற்றியவர் பெயரும் ஊரெல்லாம் பரவிவிடும். மறுநாள் அவருக்குத் துணை கிடைக்காது. போலீஸ் இல்லாத ஊரில் அதுதான் போலீஸ்!

பொத்தான் வந்தது

2009-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி கம்பெனி ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது.

இனிமேல் தெருவில் கூவ வேண்டாம். நடக்கவும் வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பல சர்வர்களில் இருந்து டாங்கி ஒருவர், வைத்தியர் ஒருவர், அடி ஆட்கள் 3 பேர் என்று கம்ப்யூட்டரே பொறுக்கிச் சேர்த்து, குகைக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். வேலை முடிந்ததும் கிளம்பிய இடத்திலேயே திரும்ப விட்டுவிடும்!

ஜனங்கள் ஆகா என்று கொண்டாடினார்கள். நேரம் இல்லாமல் குகைப் பக்கமே போகாத குடும்பஸ்தர்கள்கூட சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குகை, பின்னால் ஒரு குகை என்று முடித்தார்கள்.

ஆனால் கொஞ்ச நாளில் இன்னொன்று தெரிந்தது. சேர்ந்த 5 பேரும் வேறு வேறு சர்வர். மறுபடி சந்திக்கப் போவதில்லை. அதனால் பேச்சே நின்றுவிட்டது. வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். டவுன் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி!

ஏமாற்றினாலும் கெட்ட பெயர் வராது. ஒரு புதியவர் தடுமாறினால் சொல்லிக் கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஓட்டுப் போட்டு வெளியே தள்ளிவிட்டு, அடுத்த ஆளை இறக்கிக்கொள்ளலாம்.

ஊர் வாயைப் பொத்திய இடத்தில் சட்டங்கள் வந்தன. பாதியில் ஓடினால் 30 நிமிஷம் அடுத்த குகைக்குத் தடை. அவரவர் ஆயுதத்துக்கு மட்டுமே "தேவை" பொத்தான் வேலை செய்யும்.

டாங்கிக்குக் கிராக்கி

முன்னால் நின்று அடி வாங்க ஆள் குறைந்தது. தெரியாத 4 பேரிடம் திட்டு வாங்க யாருக்குத்தான் ஆசை? அடி ஆட்கள் வரிசையில் காத்துக் கிடக்க, டாங்கிக்குப் பஞ்சம்.

2011-ம் ஆண்டு ஏப்ரலில் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. எந்த வேலைக்கு ஆள் குறைவோ, அந்த வேலைக்கு வருபவருக்குத் தங்கக் காசும் அபூர்வப் பொருள்களும் நிறைந்த பை இனாம்! பொறுப்பை ஏற்க ஆள் வராததால் கூலி கூட்டிக் கொடுத்த கதை அது.

"பழைய கஷ்டமே வேண்டும்"

கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கோரிக்கை கிளம்பியது. "எங்களுக்கு 2004-ம் ஆண்டு ஆட்டமே திரும்ப வேண்டும்!"

2013-ம் ஆண்டு கம்பெனி நடத்திய விழாவில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டார். விளையாட்டின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஆலன் பிராக், "வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம்" என்ற பொருளில் பதில் சொன்னார்.

ரசிகர்கள் விடவில்லை. கம்பெனி அனுமதி இல்லாமல் பழைய ஆட்டத்தை நடத்திய "நாஸ்டால்ரியஸ்" என்ற சர்வரில் லட்சக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. 2016-ம் ஆண்டு ஏப்ரலில் கம்பெனி வக்கீல்கள் தலையிட்டு அதை மூட வைத்தார்கள். உடனே 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. 2017-ம் ஆண்டு நவம்பரில் விழா மேடை ஏறி, பழைய ஆட்டம் திரும்ப வருகிறது என்று அறிவித்தவர் யார் தெரியுமா? அதே ஆலன் பிராக்!

2019-ம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில் பழைய ஆட்டம் திறந்தது. பொத்தான் கிடையாது. உள்ளே நுழையவே மணிக்கணக்கில் கியூ. தெருவில் மறுபடி கூவல். மறுபடி நடை. மறுபடி பேச்சு!

2023-ம் ஆண்டு ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒருமுறை செத்தால் செத்ததுதான் என்ற சர்வர்கள் வந்தன. மாதக்கணக்கில் வளர்த்த வீரன் ஒரே நொடியில் போய்விடுவான். ஆபத்து வந்ததும் ஒருவர் மட்டும் தப்பி ஓடினால் மற்ற 4 பேர் கதி? அந்தக் குகைகளுக்குள் யாருடன் போகிறோம் என்று ஆயிரம் முறை யோசித்துத்தான் போகிறார்கள்.

நார்வேயில் ஒரு சாவு வீடு

இப்படி முகம் தெரியாதவர்களுடன் சேர்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நார்வே நாட்டில் ஒரு பதில் இருக்கிறது.

தலைநகர் ஆஸ்லோவைச் சேர்ந்தவர் மாட்ஸ் ஸ்டீன். தசைச் சிதைவு நோயால் சின்ன வயதிலேயே சக்கர நாற்காலியில் முடங்கியவர். கடைசி 10 ஆண்டுகளில் 15 ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் வார்கிராப்டில் கழித்தார். 2014-ம் ஆண்டு நவம்பரில் 25 வயதில் இறந்துபோனார்.

"பிள்ளைக்கு நண்பர்களே இல்லையே" என்பதுதான் பெற்றோரின் பெரிய கவலை. மகன் எழுதி வந்த இணையப் பக்கத்தில் மரணச் செய்தியைப் போட்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம்.

பல நாடுகளில் இருந்து இரங்கல் கடிதங்கள் குவிந்தன! "ஸ்டார்லைட்" என்ற சங்கத்தில் "இபெலின்" என்ற வேடத்தில் அவர் எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னார், யார் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதி இருந்தார்கள். டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து, இங்கிலாந்து நாடுகளில் இருந்து அடக்கத்துக்கே நேரில் வந்தார்கள்.

அந்தச் சங்கம் புதையலைவிடப் பேச்சுக்கும் வேடத்துக்கும் முதலிடம் கொடுத்த சங்கம். 5 நிமிஷத்தில் சேர்ந்து 15 நிமிஷத்தில் பிரியும் கோஷ்டியில் இப்படி ஒரு உறவு வளராது. இந்தக் கதை 2024-ம் ஆண்டு டாகுமெண்டரி படமாக வந்து பலரை அழ வைத்தது.

ஒரே ஆண்டில் 2 வாசல்

பொத்தானுக்கு ஆதரவு இல்லாமல் போய்விடவில்லை. 2022-ம் ஆண்டு பழைய ஆட்டத்தின் அடுத்த பாகத்தை பொத்தான் இல்லாமலே வெளியிட்டார்கள். "வேலைக்குப் போறவங்க ராத்திரி பூரா கூவிட்டே இருக்க முடியுமா?" என்று ஒரு சாரார் போர்க்கொடி பிடித்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. 2023-ம் ஆண்டு பொத்தான் திரும்ப வந்துவிட்டது.

2024-ம் ஆண்டு ஜனவரியில் புது ஆட்டத்தில் அதையும் தாண்டி ஒரு வசதி வந்தது. இனி மற்ற 4 பேரும் மனிதராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை! கம்ப்யூட்டரே 4 பேராக வேடம் போட்டுத் துணைக்கு வரும். காரிக் என்ற பெண் கேப்டன் டாங்கியாக முன்னால் நிற்பார். யாரும் திட்ட மாட்டார்கள். ஆட்டை அடித்தாலும் கோபப்பட மாட்டார்கள். கிடைத்த பொருளில் பங்கு கேட்க மாட்டார்கள். கூச்சப்படுபவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வழி தெரியாத புதியவர்கள் எல்லாருக்கும் பெரிய நிம்மதி.

அதே 2024-ம் ஆண்டு நவம்பரில் 20-வது ஆண்டு விழா. அதற்காகப் பழைய ஆட்டத்தைப் புதிய சர்வர்களில் முதலில் இருந்து தொடங்கினார்கள். பொத்தானும் இல்லை. கம்ப்யூட்டர் துணையும் இல்லை. திறந்த அன்றே கூட்டம் அலைமோதியது. டெட்மைன்ஸ் வாசலில் நின்று "ஒரு வைத்தியர் வேணும்! ஒரே ஒரு வைத்தியர்!" என்று மறுபடி கூவத் தொடங்கிவிட்டார்கள்.

கேப்டன் காரிக்குக்கு அடி வாங்கத் தெரியும். வழி காட்டத் தெரியும். "நாளைக்கும் வர்றீங்களா?" என்று கேட்க மட்டும் தெரியாது!